ரோட்டோரக் கல்லு, சுமைதாங்கி, சத்திரம்: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் பதிலும்

தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் ஊர் ஊரா வண்டியில போய் ரோட்டோரத்துல கிடக்குற பழைய கல்லுங்களப் பாத்து போட்டோ எடுத்து, குறிப்பு எழுதி வச்சிட்டு வரேன். எங்க வண்டிய நிறுத்துனாலும் நாலு பேர் கூடிடுவாங்க, அவங்க கேக்குற சந்தேகம் எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு. அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி எனக்குத் தெரிஞ்ச பதில போட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னத திருப்பிச் சொல்லல.

ரோட்டோரமா ரெண்டு கல்லு நட்டு, மேல ஒரு நீளக் கல்லு படுக்க வச்சிருக்கே, அது என்னங்க?

அதுதான் சுமைதாங்கி. எங்க ஆயா சொமதாங்கின்னுதான் சொல்லும். தலையில சும்மாடு வச்சு விறகுக்கட்டோ நெல்லு மூட்டையோ தூக்கிட்டுப் போறவங்க நடுவழியில கொஞ்சம் இளைப்பாறணும்னா சுமைய கீழ இறக்க முடியாது. இறக்குனா திரும்ப தலைக்கு ஏத்திவிட இன்னொரு ஆள் வேணும், ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில அதுக்கு யாரு வருவா? அதனால நிக்கிற ஆளோட தோள் உயரத்துக்கு கல்லு. கொஞ்சம் முன்னாடி சாஞ்சா சுமை கல்லு மேல போயிடும், மூச்சு வாங்கிட்டு திரும்ப தலையக் குடுத்து நிமிந்தா போதும், யார் உதவியும் வேணாம்.

எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க. சந்தைக்குப் போற பாதை, மேடு ஏறி முடியுற இடம், ரெண்டு ஊருக்கு நடுவுல வீடே இல்லாத இடம். பக்கத்துல ஒரு ஆலமரமோ புளியமரமோ, கிணறோ குளமோ இருக்கும், இல்லன்னா இருந்ததுக்கு அடையாளம் இருக்கும். நடந்து போறவங்களுக்கு எங்க மூச்சு வாங்கும்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் அந்த இடத்த பாத்து வச்சிருக்காரு.

பிரசவத்துல செத்துப்போன பொண்ணுக்காக வைக்கிறதுன்னு பாட்டி சொல்லுது, உண்மையா கட்டுக்கதையா?

உண்மையான வழக்கம்தான். வயித்துல புள்ளயோட இறந்துபோன பொண்ணு சுமைய இறக்காமலே போயிட்டா, வழியில போறவங்க அவ பேரால வச்ச கல்லுல சுமைய இறக்கி வச்சா அவ ஆத்மாவுக்கும் பாரம் குறையும்னு நம்பிக்கை. நான் முதல்ல கேட்டப்ப கொஞ்ச நேரம் பேச முடியல. அந்தப் பொண்ணோட அம்மா அப்பாவோ புருஷனோ கல்லு வெட்டி வண்டியில ஏத்திட்டு வந்து நட்டிருப்பாங்கள்ல, யாருன்னே தெரியாத ஆளுங்க இளைப்பாறட்டும்னு.

ஆனா எல்லா சுமைதாங்கியும் அப்படி வச்சதுன்னு சொல்லிடக் கூடாது. பொதுவா தர்மமா நினைச்சு வச்சதும் உண்டு. மேல் கல்லுல இல்லன்னா கால் கல்லுல இன்னார் உபயம்னோ, இன்னார் நினைவான்னோ எழுதியிருந்தா அதுதான் சாட்சி. எழுத்து இல்லாத கல்லுக்கு ஊர்ல சொல்ற கதைய கதையாவே எழுதி வைங்க, இன்னார் சொன்னாங்கன்னு போட்டு.

சுமைதாங்கி பக்கத்துலயே தனியா ஒரு கல்லு நட்டமா நிக்குது, எழுத்தும் இல்ல உருவமும் இல்ல. எல்லைக்கல்லா?

எல்லைக்கல்லா இருக்கலாம், ஆனா குளத்தங்கரை, மேய்ச்சல் நிலம், ஊர் மந்தை மாதிரி இடத்துல இருந்தா ஆவுரிஞ்சிக் கல்லான்னு முதல்ல பாருங்க. மாடு உடம்பு அரிச்சா உரசிக்கிறதுக்குன்னே நட்ட கல்லு. பழைய தமிழ்ல ஆதீண்டு குற்றின்னும் பேரு இருக்கு. நம்ம மரபுல சொல்ற 32 அறங்கள்ல தண்ணீர்ப் பந்தல், குளம், சோலையோட சேத்து இதையும் ஒண்ணா வச்சிருக்காங்க. யாழ்ப்பாணத்துல ஆவுரோஞ்சிக் கல்லுன்னு சொல்லுவாங்க, அங்கயும் சுமைதாங்கி, கேணி, மடத்தோட பக்கத்துலயே இது நிக்கும்.

கண்டுபிடிக்க சுலபமான வழி கையால தடவிப் பாக்குறதுதான். மாட்டோட கழுத்து, விலா உயரத்துல கல்லு வழுவழுன்னு இருக்கும், மேலயும் அடியிலயும் சொரசொரப்பா அப்படியே இருக்கும். வருஷக்கணக்கா எத்தன மாடு உரசியிருந்தா கருங்கல்லு அப்படி ஆகும்!

எங்க ஊர் வேடியப்பன் நடுகல்லுதான்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. அப்ப அது சாமி இல்லயா?

ரெண்டும்தான். இந்தப் பக்கம் வேடியப்பன்னு கும்பிடுற நிறைய கல்லு, சண்டையில செத்த வீரனுக்கு வச்ச நடுகல்லுதான். நடுகல்ல கும்பிடுறது இடையில வந்த பழக்கமும் இல்ல. கல்ல தேர்ந்தெடுக்குறது, வெட்டி எடுத்துட்டு வர்றது, நீராட்டுறது, நடுறது, படையல் போடுறது, வாழ்த்துறதுன்னு ஆறு நிலையா தொல்காப்பியத்துலயே இருக்கு. இன்னிக்கு நீங்க பொங்கல் வச்சு கும்பிடுறது அதோட தொடர்ச்சிதான், அதனால நடுகல்லுன்னு தெரிஞ்சதும் சாமி இல்லயோன்னு யாரும் கவலப்பட வேணாம்.

சொல்லப்போனா கும்பிடுறதுனாலதான் பல கல்லு இன்னிக்கும் நிக்குது. கும்பிடாம விட்ட கல்லெல்லாம் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் போயிடுச்சு.

நடுகல்லுல இருக்குற உருவத்தப் பாத்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறைய. கையில வில்லும் வாளும் வச்சு கால அகட்டி நிக்கிற ஆள், உடம்புல அம்பு தச்சிருக்கு, பக்கத்துல மாடு இருக்குன்னா ஆநிரை சண்டை, அதாவது மாட்ட ஓட்டிட்டுப் போக வந்ததோ மீட்கப் போனதோ. புலியோட நெஞ்சுலயோ வாயிலயோ ஆயுதத்தப் பாய்ச்சுற மாதிரி இருந்தா புலிக்குத்திக் கல்லு, கொங்குப் பக்கம் இது அதிகம். காட்டுப்பன்றியோட சண்டை போட்டு செத்தவங்களுக்கும் கல்லு இருக்கு. ஒருத்தன் தன் கழுத்துலயே கத்தி வச்சுக்கிட்டு நின்னா அது நவகண்டம், தன்னையே பலி குடுத்தவன். பக்கத்துல ஒரு பொண்ணு வளையல் போட்ட கைய மேல தூக்கி நின்னா சதிக்கல்லு, அத தீப்பாஞ்சம்மன்னும் வீரமாத்தின்னும் கும்பிடுறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எடுத்தனூர் கல்லு. தண்டராம்பட்டுப் பக்கம் இருக்கு, 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். வீரன் பக்கத்துலயே அவன் நாயும் நிக்குது. நாய்க்குப் பேரு கோவிவன், ரெண்டு கள்ளனக் கடிச்சு காவல் நின்னுச்சுன்னு கல்லுலயே வெட்டியிருக்கு. நாயோட பேரக்கூட விட்டுடாம எழுதி வச்சாங்களேன்னு அங்க போறப்பல்லாம் தோணும்.

எழுத்து இருக்கு, ஆனா ஒரு எழுத்தும் புரியல. இது தமிழா வேற மொழியா?

பெரும்பாலும் தமிழ்தான், எழுத்து வடிவம்தான் வேற. செங்கம் பக்கத்துப் பழைய நடுகல்லுங்கள்ல இருக்குறது வட்டெழுத்து. அதுக்கும் ரொம்ப முன்னாடி தமிழி, தமிழ் பிராமின்னும் சொல்லுவாங்க. 2006ல தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில கிடைச்ச நடுகல்லுங்கள்ல அந்த எழுத்துதான், அதுல ஒண்ணு கூடலூர்ல நடந்த ஆகோள்ல, அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில செத்தவனுக்கு வச்சது.

இன்னிக்கு இருக்குற மாதிரி எழுத்து இருந்தும் படிக்க முடியலன்னா வேற காரணம் இருக்கு. பழைய கல்வெட்டுல பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, எ ஏ, ஒ ஓ வித்தியாசம் இருக்காது, காலும் ர எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், வார்த்தைக்கு நடுவுல இடமும் விட மாட்டாங்க. ரெண்டு மூணு வார்த்த பழகிக்கிட்டா நடுகல்லு கொஞ்சம் பிடிபடும். யாண்டுன்னா அந்த ராஜாவோட எத்தனையாவது ஆட்சி வருஷம், தொறுன்னா மாட்டு மந்தை, பட்டான்னா செத்தான். "தொறு", "பட்டான்", "கல்" மூணும் கண்ணுல பட்டுச்சுன்னா கதை பாதி தெரிஞ்ச மாதிரி.

ராஜாக்க காலத்துல மைல்கல்லு எல்லாம் இருந்துச்சா? வெள்ளக்காரன் கொண்டுவந்ததுதானே?

மைல் கணக்குதான் அவங்க கொண்டுவந்தது, வழிக்கு தூரம் போட்டு கல்லு நடுறது நம்மகிட்ட முன்னாடியே இருந்துச்சு. பெரிய பாதைக்கு பெருவழின்னு பேரு. கோயம்புத்தூர் பக்கம் இராசகேசரிப் பெருவழின்னு பாறையிலயே சோழர் கல்வெட்டு இருக்கு. எங்க பக்கம் அதியமான் பெருவழி. பதிகால்பள்ளத்துல கிடைச்ச கல்லுல நாவற்தாவளத்துக்கு காதம் 29ன்னு வெட்டியிருக்கு. காதம்னா பழைய தூர அளவு, தாவளம்னா வியாபாரிங்க தங்குற இடம்.

அந்தக் கல்லுல எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழ குழி குழியா போட்டிருக்காங்க. பெரிய குழி ரெண்டு, சின்னக் குழி ஒன்பது. பெருசு ஒண்ணுக்கு பத்து, சிறுசு ஒண்ணுக்கு ஒண்ணு, ஆக 29. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் இருட்டுல விரல விட்டுக்கூட எண்ணிக்கலாம்!

கம்பெனிக்காரங்க காலத்து மைல்கல்லுல ரோமன் எண்ணோட தமிழ் எண்ணும் ஊர் பேரும் இருக்கும். ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ ௰ இந்தப் பத்தையும் ஒரு தாள்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கங்க. கிலோமீட்டர் கணக்கு வந்த பிறகு அந்தக் கல்லுங்கள யாரும் கண்டுக்கல, பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சு தலை மட்டும் தெரியும்.

கல்லுல சூலம் மட்டும் செதுக்கியிருக்கு. பலி குடுத்த இடம்னு பயமுறுத்துறாங்க, உண்மையா?

பயப்பட ஒண்ணும் இல்ல. சிவன் கோயிலுக்கு எழுதி வச்ச நிலத்தோட எல்லையில சூலம் போட்ட கல்லு நடுவாங்க, சூலக்கல்லுன்னு பேரு. பெருமாள் கோயில் நிலம்னா சக்கரம் போட்ட திருவாழிக்கல்லு, சமணப் பள்ளிக்கு விட்ட நிலம்னா முக்குடை, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா மூணு குடை. நாலு மூலைக்கும் நட்டிருப்பாங்க, அதனால ஒண்ணு கிடைச்சா சுத்துவட்டத்துல மத்ததையும் தேடுங்க. எழுத்து இருந்தா எந்தக் கோயிலுக்குன்னும் தெரிஞ்சிடும்.

இடிஞ்ச சத்திரத்துல சாலிவாகன சகாப்தம், பிரமாதி வருஷம்னு எழுதியிருக்கு. இத எப்படி நம்ம வருஷமா மாத்துறது?

சாலிவாகன சகாப்தமும் சக வருஷமும் ஒண்ணுதான். சக வருஷத்தோட 78 கூட்டுங்க, கொல்லம் ஆண்டா இருந்தா 825 கூட்டுங்க, கலியுக ஆண்டா இருந்தா 3101 கழிங்க. மாசத்தப் பொறுத்து ஒரு வருஷம் முன்ன பின்ன வரும். உதாரணத்துக்கு சக 1741ன்னா 1741 கூட்டல் 78, அதாவது 1819.

சரியான்னு பாக்க தமிழ் வருஷப் பேர் உதவும். 60 வருஷச் சுத்துல பிரபவ கடைசியா வந்தது 1987. அங்கிருந்து 60 60ஆ பின்னாடி போனா 1927, 1867, 1807. பிரமாதி 13ஆவது வருஷம், 1807ல பிரபவன்னா 1819 பிரமாதி, ரெண்டும் ஒத்துப்போகுது. ஒத்துப்போகலன்னா எண்ண தப்பா படிச்சிருப்பீங்க. 1741ங்கிறது ௲௭௱௪௰௧ன்னு எழுதியிருக்கலாம், ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௧௭௪௧ன்னும் எழுதியிருக்கலாம்.

சத்திரம்னு சொன்னதும் எல்லாரும் ராணி மங்கம்மாள் கட்டுனதுன்னு சொல்லிடுறாங்க. அவங்க 1689ல இருந்து 1706 வரைக்கும் மதுரையில ஆட்சி பண்ணி சாலையும் சத்திரமும் நிறைய போட்டது நெசம்தான், ஆனா அதுக்குப் பிறகும் பலர் கட்டியிருக்காங்க, ஒரத்தநாடு முத்தம்மாள் சத்திரம் தஞ்சாவூர் மராத்திய ராஜா ரெண்டாம் சரபோஜி கட்டுனது. கல்லுல என்ன இருக்கோ அத நம்புங்க.

படிக்கிறதுக்கு கோலமாவு தடவி போட்டோ எடுக்குறாங்களே, நாமளும் பண்ணலாமா?

தடவாம எடுக்க முடியும்போது எதுக்கு? மாவு, சாக்பீஸ், சுண்ணாம்பு எதுவும் வேணாம், கம்பி பிரஷ், ஆசிட் கிட்டயே கொண்டுபோகக் கூடாது, கிரைண்டர் போட்டு பாலிஷ் பண்ணா எழுத்தே போயிடும், திரும்ப வராது. மண்ணு ஒட்டியிருந்தா தண்ணி ஊத்தி துணியால மெதுவா துடைங்க, போதும்.

இருட்டுன பிறகு போய் போன் டார்ச்ச கல்லோட பக்கவாட்டுல, கல்ல ஒட்டுன மாதிரி வச்சு அடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. சாய்வா அடிக்கும்போது வெட்டுன பள்ளத்துல எல்லாம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒரு தடவ வெறும் பலகைக் கல்லுன்னு நினைச்சு நாலு வருஷமா தாண்டிப் போன கல்லுல அப்படி டார்ச் அடிச்சேன், ஏழு வரி எழுத்து இருந்துச்சு, கூட வந்த பையன் டார்ச்ச பிடிச்சிட்டு அப்படியே நின்னுட்டான். டார்ச்ச இடமிருந்து ஒரு போட்டோ, வலமிருந்து ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு எடுங்க, ஒரு பக்கத்துல தெரியாத எழுத்து இன்னொரு பக்கத்துல தெரியும். பேப்பர ஈரமாக்கி ஒத்தி மைப்படி எடுக்குறது பழகுனவங்க வேலை, அத அவங்ககிட்ட விட்டுடுங்க.

கல்ல மட்டும் எடுக்காம கல்லு நிக்கிற இடத்தையும் எடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு ஒண்ணு, பத்தடி தள்ளி ஒண்ணு, ரோடும் மரமும் தெரியுற மாதிரி ஒண்ணு. கல்லு எந்தத் திசைய பாத்து நிக்குதுன்னும் எழுதுங்க. இது எதுக்குன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

ரோடு அகலப்படுத்துறாங்க. கல்ல பத்திரமா பேத்து எடுத்து எங்க கோயில்ல வச்சுக்கலாம்ல?

வேற வழியே இல்லன்னாதான். சுமைதாங்கிய மேட்டுல இருந்து எடுத்து கோயில் வாசல்ல வச்சா அது வெறும் மூணு கல்லு. பெருவழிக் கல்ல நகத்திட்டா அதுல இருக்குற தூரமே தப்பாயிடும். சூலக்கல்ல எடுத்துட்டா எல்லை போச்சு. கல்லு என்ன சொல்லுதோ அதுல பாதி அது நிக்கிற இடத்துலதான் இருக்கு.

ரோட்டுக்கு அளவுக்கல்லு நட ஆரம்பிச்ச உடனே வேலைய ஆரம்பிங்க, பொக்லைன் வந்த பிறகு இல்ல. போட்டோவும் இடக்குறிப்பும் சேத்து விஏஓ, தாசில்தார், நெடுஞ்சாலைத் துறை பொறியாளர், மாவட்டத் தொல்லியல் அலுவலர் நாலு பேருக்கும் எழுத்துல குடுங்க, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு போட்டு ரசீது வாங்குங்க. நகத்தியே ஆகணும்னா அதே பாதையில, அதே பக்கம், புது ரோட்டு ஓரத்துக்கு, அதே திசைய பாத்து நடச் சொல்லி கேளுங்க.

எங்க ஆயா ஊர் சுமைதாங்கிக்கு நான் லேட்டாதான் போனேன். ரெண்டு கால் கல்லும் காணோம். மேல் கல்ல ரோட்டு வேலை பாத்தவங்க சாக்கடை மேல பாலமா போட்டிருந்தாங்க, சைக்கிள் போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. என்கிட்ட அதோட பழைய போட்டோ ஒண்ணுகூட இல்ல.

நிலத்துல உழும்போது கல்லோ சிலையோ காசோ கிடைச்சா வீட்ல வச்சுக்கலாமா?

வேணாம். 1878ஆம் வருஷத்து புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சது 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும், ஊர்ல விஏஓகிட்டயோ தாசில்தார்கிட்டயோ சொல்லி எழுதி வாங்கிக்கங்க. நூறு வருஷத்துக்கு மேலான சிலை, காசு, செதுக்குன கல்லுக்கு 1972 தொல்பொருள் சட்டமும் இருக்கு, இஷ்டத்துக்கு விக்கிறதெல்லாம் குத்தம்.

முதுமக்கள் தாழி வந்துச்சுன்னா உடைச்சு உள்ள பாக்காதீங்க. உள்ள தங்கம் இருக்கும்னு ஊர் ஊரா உடைச்சிருக்காங்க, எலும்பும் மண்பாண்டமும்தான் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்துல நிக்கிற கல்திட்டை மாதிரி பலகைக்கல்லு வீடுங்கள பாண்டவர் வீடு, குள்ளர் வீடுன்னு சொல்லுவாங்க, அதுவும் பெருங்கற்கால ஈமச்சின்னம்தான், தோண்டுனா போச்சு.

பழைய கல்லுன்னா தானாவே அரசாங்கப் பாதுகாப்புல வந்துடுமா? பக்கத்துல வீடு கட்ட விட மாட்டாங்கன்னு பயமா இருக்கு.

தானா வராது. நூறு மீட்டர் வரைக்கும் கட்டக் கூடாது, அதுக்கு மேல இன்னொரு இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு 2010ல வந்த விதி, மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்டதா அறிவிச்ச சின்னத்துக்குத்தான். மாநிலத்துக்கு 1966 சட்டம் தனியா இருக்கு, அதுலயும் அறிவிக்கணும். ரோட்டோர சுமைதாங்கி எதுவும் பொதுவா இந்தப் பட்டியல்ல இருக்காது.

இந்த பயத்துனாலயே ராத்திரியோட ராத்திரியா கல்ல புதைச்சவங்கள எனக்குத் தெரியும். அப்படி பண்ணாதீங்க, முதல்ல தொல்லியல் அலுவலகத்துல கேளுங்க.

ரோட்டோரப் புளியமரம் எல்லாம் பாரம்பரியத்துல சேருமா?

என்னைக் கேட்டா கட்டாயம் சேரும். அந்த நிழல் இல்லன்னா அந்தப் பாதையே இல்ல. மரத்துல போட்டிருக்குற நம்பர், சுத்தளவு, எதுக்குப் பக்கத்துல நிக்குதுங்கிறது மூணையும் எழுதுங்க. பழைய மரம் வரிசையா நிக்கிற திசைய பாத்தாலே பழைய ரோடு எப்படிப் போச்சுன்னு தெரியும்.

எங்க ஊர் நடுகல்லு வீரன் எங்க ஆளுதான்னு ரெண்டு சாதிக்காரங்க சண்ட போடுறாங்க. நீங்க ஒரு பதில் சொல்லுங்க.

கல்லுல எழுதியிருந்தா எழுதியிருக்குறத மட்டும் சொல்லுவேன், எழுத்து இல்லன்னா யாரு பக்கமும் சொல்ல மாட்டேன், உருவத்தப் பாத்து சாதி சொல்ல முடியாது. எழுத்து இருக்குற கல்லுலயும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பட்டத்தையும் குலப்பேரையும் இன்னிக்கு இருக்குற பேரோட நேரா கோக்குறது சரிவராது. இந்த மாதிரி கேட்டா நான் படிச்ச வாசகத்த அப்படியே ரெண்டு தரப்புக்கும் எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன். அந்த ஆள் ஊர் மாட்டுக்காகத்தான் செத்தான்னு கல்லுல இருந்தா, அத சத்தமா ரெண்டு தடவ படிச்சுக் காட்டுவேன்.

எங்க ஊர்ல எல்லாம் போச்சு, ஒண்ணுமே இல்ல. இனிமே என்னத்த தேடுறது?

பேர்ல தேடுங்க. ஒட்டன்சத்திரம், தண்ணீர்ப்பந்தல், ஆண்டிமடம் மாதிரி ஊர்ப்பேரு சொல்லும், அதவிட நிலத்துப் பேரு இன்னும் நல்லா சொல்லும். சுமைதாங்கி மேடு, சத்திரத்துக்காடு, சாவடித் தோட்டம்னு பேரு மட்டும் நின்னுட்டு பொருள் போயிருக்கும். ஆடு மாடு மேய்க்கிறவங்களையும் நடந்தே சந்தைக்குப் போன வயசானவங்களையும் கேளுங்க, "எங்க உக்காந்து தண்ணி குடிச்சீங்க"ன்னு கேட்டா போதும், மீதிய அவங்களே சொல்லுவாங்க.

அப்புறம் வீடு வீடா பாருங்க. வாசப்படி, மாட்டுத்தொட்டி, கிணத்தடி துவைக்கிற கல்லு. வழக்கத்துக்கு மாறா நீளமா, ஒரு பக்கம் நல்லா கொத்துன கல்லா இருந்தா வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு ரெண்டு பேரா சேந்து திருப்பிப் பாருங்க. அடிப்பக்கத்துல மண்ணக் கழுவிட்டு, முன்ன சொன்ன மாதிரி டார்ச்ச சாய்வா அடிங்க.